புயல் கொண்டுபோன மணல் திரும்பி வருமா?

கேள்வி: காலாப்பட்டுக்கும் மரக்காணத்துக்கும் இடையில் ஒரு மீனவர் கிராமத்தில் எங்கள் வீடு. வீட்டுக்குக் கிழக்கே மணல்மேடு, மேட்டில் எட்டுப் பத்துப் பனைமரம், அதைத் தாண்டினால் படகு ஏற்றும் கரை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் கரை கடந்தபோது மேட்டில் பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மறுநாள் பார்த்தால் ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டி வைத்தது போல நிற்கிறது. ஆடி மாத வாக்கில் கீழே கரை ஓரளவு திரும்பியது. மேடு மட்டும் அப்படியேதான் இருக்கிறது. என் மாமியார், "கடல் எடுத்ததைக் கடலே கொண்டுவந்து போடும், சும்மா இருங்கள்" என்கிறார். ஊர்ப் பிள்ளைகளோ, "கோட்டக்குப்பத்தில் நடந்ததைப் பார்த்த பிறகுமா சும்மா இருப்பது? வீட்டுக்கு இருபதாயிரம் போட்டுத் திருவக்கரைப் பக்கமிருந்து கல் கொண்டுவந்து கொட்டிவிடலாம்" என்கிறார்கள். யார் சொல்வது சரி? பணம் கொடுக்கலாமா? வீட்டின் கிழக்குப் பக்கம் ஓர் அறை இழுக்க வேண்டும் என்றும் என் கணவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லுக்கு இப்போது பணம் கொடுக்காதீர்கள். கிழக்குப் பக்கம் அறை கட்ட வேண்டாம். மேட்டில் மீதி இருக்கும் மணலில் ஒரு கூடை கூட யாரும் அள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, பிள்ளைகளின் பயத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் பேசுவது வெவ்வேறு மணலைப் பற்றி. மாமியார் சொல்வது, புயல் எடுத்துக் கடலுக்குள் வைக்கும் மணலை. அது பெரும்பாலும் திரும்பி வரும். பிள்ளைகள் பயப்படுவது, தெற்கே எங்கோ ஒரு கட்டுமானம் மறித்துக்கொண்டதால் உங்கள் கரைக்கு வந்து சேராமல் போகும் மணலை. அது எத்தனை ஆடி வந்தாலும் தானாக வராது. கடலோரப் பொறியாளன் என்ற முறையில் நான் பார்த்த ஊர்களில் பலவும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பணத்தைக் கடலில் போட்டன.

முதலில் புயல் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

சாதாரண நாட்களில் உங்கள் கரைக்கு வரும் அலை நீளமானது, நிதானமானது. ஓர் அலை ஏறி, அந்தத் தண்ணீர் மணலுக்குள் கொஞ்சம் இறங்கி, மீதி வடிந்த பிறகே அடுத்தது வரும். இப்படி வரும் அலை கொண்டுவருவது அதிகம், இழுத்துப்போவது குறைவு. கரை கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. புயலில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. உயரமான, செங்குத்தான அலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. மணல் ஏற்கெனவே தண்ணீர் குடித்து நிறைந்திருப்பதால் ஏறிய தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லை. கரையோரம் குவியும் அவ்வளவு தண்ணீரும் அடித்தரை வழியாகவே கடலுக்குத் திரும்புகிறது. அப்படித் திரும்பும்போது மணலை வாரிக்கொண்டு போகிறது.

எங்கே கொண்டுபோகிறது என்பதுதான் முக்கியம். நடுக்கடலுக்கு இல்லை. அலை உடையும் இடத்தை ஒட்டி, சில மீட்டர் ஆழத்தில், கரைக்கு இணையாக ஒரு திட்டாகப் போட்டு வைக்கிறது. திட்டு வளர வளர, பின்னால் வரும் பெரிய அலைகள் அதன் மேலேயே உடைந்து வலுவிழந்து கரைக்கு வருகின்றன. உங்கள் மேட்டிலிருந்து போன மணல்தான் அன்று இரவு உங்கள் வீட்டுக்கு முன்னால் தண்ணீருக்கடியில் அரணாகக் கிடந்தது. நல்ல காலத்தில் சேர்த்து வைத்துப் பஞ்சத்தில் எடுக்கும் குதிர் நெல்லைப் போன்றது மணல்மேடு. புயலன்று அதிலிருந்து மணல் போனது என்றால், அது தன் வேலையைச் செய்தது என்று பொருள்.

ஃபெங்கலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காற்றின் வேகத்தை மட்டும் பார்த்தால் அது பெரிய புயல் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் அதைவிட மிக உக்கிரமானது. ஆனால் கரையைப் பொறுத்தவரை அலை எத்தனை மணி நேரம் அடித்தது, அப்போது கடல் மட்டம் எவ்வளவு உயர்ந்திருந்தது என்ற இரண்டும் காற்றின் வேகத்துக்குச் சமமான விஷயங்கள். ஃபெங்கல் கடலில் நாள்கணக்கில் மெதுவாக ஊர்ந்து வந்தது. கரை கடந்த பிறகும் புதுச்சேரிப் பக்கமே பல மணி நேரம் நகராமல் நின்றது. அது கரை கடந்தது கார்த்திகை அமாவாசையை ஒட்டி, அதாவது கடல் ஏற்றம் வழக்கத்தைவிட உயரும் நாட்களில். புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதாலும் கடல் மட்டம் உயரும். ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்.

அப்புறம் திசை. நம் பக்கத்துப் புயல்களில் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். அதனால் மேற்கு நோக்கி வரும் புயலின் மையத்துக்கு வடக்கே இருக்கும் கரையில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி அடிக்கும். தெற்கே இருக்கும் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். ஃபெங்கல் கடந்தது புதுச்சேரியை ஒட்டி. உங்கள் ஊர் அதற்கு வடக்கே. தண்ணீரைக் கரை மேல் தள்ளும் பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள். ஒரே புயலில் கடலூர்ப் பக்கத்து உறவினர்கள் "எங்கள் கரைக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்லியிருந்தால் அதற்கும் இதுவே காரணம்.

இனி, திரும்பி வருவது. கீழ்க்கரை முதலில் வரும். சில வாரங்களில், அதிகம் போனால் சில மாதங்களில். உங்களுக்கு ஆடிக்குள் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல அறிகுறி. மேடு அப்படி வராது, ஏனென்றால் மேட்டைக் கட்டுவது அலை இல்லை, காற்று. கீழ்க்கரை அகலமாகி, மணல் காய்ந்து, கடல்காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்து, அடும்புக் கொடியிலோ இராவணன் மீசைப் புல்லிலோ தடுக்கி விழ வேண்டும். இப்படிப் பொடிப்பொடியாகச் சேர்ந்து ஆள் உயரத்துக்கு வளர ஆண்டுகள் ஆகும். எனவே எட்டு மாதத்தில் மேடு வரவில்லை என்பதை மட்டும் வைத்துக் கடல் ஊரை விழுங்கப்போகிறது என்று முடிவுகட்ட முடியாது.

சரி, பிள்ளைகள் கோட்டக்குப்பத்தைக் காட்டுகிறார்களே, அது என்ன?

நம் கிழக்குக் கரையில் மணல் நிற்பதில்லை, நடந்துகொண்டே இருக்கிறது. பங்குனி தொடங்கி ஐப்பசி வரை அலை தெற்கிலிருந்து சாய்வாக வருவதால் மணல் வடக்கே போகும். வாடைக் காலத்தில் அலை வடகிழக்கிலிருந்து வருவதால் தெற்கே போகும். வடக்கே போகும் மாதங்கள் அதிகம் என்பதால், ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் பயணம் செய்கிறது. உங்கள் வாசலில் இருக்கும் மணல் ஒரு காலத்தில் தென்பெண்ணையிலும் சங்கராபரணியிலும் அடித்து வரப்பட்டு, முகத்துவாரத்தில் இறங்கி, கரையோரமாக நடந்து வந்ததுதான். அந்த ஆறுகளில் தடுப்பணை கட்டியும் மணல் அள்ளியும் வரவைக் குறைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதையின் குறுக்கே கடலுக்குள் ஒரு சுவர் நீட்டினால், தெற்கே மணல் குவியும், வடக்கே கரை கரையும். இதற்கு நம்மிடம் ஏறக்குறைய 150 ஆண்டுப் பழைய சாட்சி இருக்கிறது. 1870களின் நடுவில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். அதற்குத் தெற்கே மணல் சேரச் சேர உருவானதே இன்றைய மெரினாவின் அகலம். 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை அமைத்தார். ஊரே பெருமைப்படும் அந்த மணலுக்கு விலை கொடுத்தது துறைமுகத்துக்கு வடக்கே இருந்த இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான குப்பங்கள். வீடும் தெருவும் கோயிலும் கடலுக்குள் போயின. இன்று அங்கே கரை என்றால் கருங்கல்தான்.

இதே கதை உங்கள் பக்கத்தில் நடந்தது 1980களின் பிற்பகுதியில். அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரியின் புதிய துறைமுகத்துக்காக இரண்டு சுவர்கள் எழுந்தன. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. செய்ய வேண்டிய அளவுக்கு அது செய்யப்படவில்லை. நகரத்துக்கு முன்னால் இருந்த மணற்கரை காணாமல் போனது. அங்கே கல் போட்டார்கள். அரிப்பு கல் முடிந்த இடத்துக்கு நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று கல் வடக்கே நீண்டது. பிறகு மாநில எல்லையையும் தாண்டிக் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று வந்தது. ஒவ்வோர் ஊரும் தன்னைக் காத்துக்கொள்ளக் கல் கேட்டது, அதில் தவறு சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒவ்வொரு கல் சுவரும் அரிப்பை அடுத்த ஊருக்கு அனுப்பிவைத்தது என்பதும் உண்மை.

கல் ஏன் இப்படிச் செய்கிறது? மணற்சரிவில் ஏறும் அலை படிப்படியாகத் தளரும். கல்லில் மோதும் அலை தளராமல் திரும்பி அடிக்கும். அந்த அடியில் சுவரின் காலடி மணல் பறிபோகும். ஆழம் கூடும். ஆழம் கூடினால் இன்னும் பெரிய அலை கிட்டே வரும். கொட்டிய கல் புதைந்து, மறுபடியும் கொட்ட வேண்டியிருக்கும். சுவருக்குப் பின்னால் இருக்கும் மேட்டு மணல் கரைக்கு இறங்க முடியாது. எனவே புயலன்று திட்டுப் போட மணல் இருக்காது. சுவர் முடியும் வட முனையில் கடல் வளைந்து நுழைந்து பக்கத்து நிலத்தைக் குடையும். எல்லாவற்றுக்கும் மேல், கல்லின் மேல் ஃபைபர் படகை ஏற்ற முடியாது. மீன்பிடித்து வாழும் ஊருக்குக் கரை போய் வீடு மட்டும் மிஞ்சினால், அது பாதி வாழ்க்கைதான்.

கல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. இராயபுரம் போல, வீட்டுக்கும் அலைக்கும் நடுவில் ஒன்றுமே மிச்சமில்லாத, பின்வாங்க இடமும் இல்லாத ஊரில் கல்லைத் தவிர வேறு வழியில்லை. உங்களுக்கு இன்னும் பாதி மேடும் படகு ஏற்றும் கரையும் இருக்கின்றன. அவை இருக்கும்போது கல்லைக் கொட்டுவது, இருப்பதையும் இழக்கும் வழி. தவிர, கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி அனுமதியில்லாமல் கரையில் கல் கொட்ட முடியாது. மணல்மேடு அந்த விதிகளில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. நாளை யாராவது வழக்குப் போட்டால் பணம் கொடுத்த வீடுகள்தான் அலைய வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் ஊரில் நடப்பது, புயல் எடுத்த மணல் திரும்பி வரும் முதல் வகையா, தெற்கே மறிபட்டு மணல் வராமல் போகும் இரண்டாம் வகையா, அல்லது இரண்டும் கலந்ததா என்று அளந்து பார்ப்பது. இதற்கு என்னைப் போன்ற ஆள் வர வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே செய்யலாம்.

ஆண்டில் இரண்டு முறை அளக்க வேண்டும். வாடை முடிந்து கரை மிக ஒடுங்கியிருக்கும் தை மாதத்தில் ஒருமுறை, கரை மிக அகன்றிருக்கும் ஆவணியில் ஒருமுறை. இரண்டு முறையும் அமாவாசையை ஒட்டிக் கடல் வற்றியிருக்கும் நேரத்தில். அசையாத ஒரு குறியை வைத்துக்கொள்ளுங்கள். கோயில் சுவரின் மூலை, மின்கம்பம், எதுவானாலும் சரி. அங்கிருந்து நேர் கிழக்கே மேட்டின் விளிம்பு வரை எவ்வளவு, பச்சை படர்ந்திருக்கும் கோடு வரை எவ்வளவு, ஈர மணல் வரை எவ்வளவு என்று டேப்பால் அளந்து நோட்டில் எழுதுங்கள். அதே இடத்தில் நின்று ஒரு படம்.

சரிவையும் அளக்கலாம். ஒன்றரை மீட்டரில் ஒரே உயரமுள்ள இரண்டு கம்புகளில் சென்டிமீட்டர் கோடு போட்டு, இரண்டையும் இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். நிலப்பக்கத்துக் கம்புக்குப் பின்னால் நின்று, கடல்பக்கத்துக் கம்பின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் தெரியும்படி பாருங்கள். அந்தக் கோடு உங்கள் பக்கத்துக் கம்பை உச்சியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே வெட்டுகிறதோ, அவ்வளவு சரிவு. இப்படியே கம்பை நகர்த்திக்கொண்டு தண்ணீர் வரை போகலாம். எளிய முறைதான், ஆனால் அரசு அலுவலகத்தில் காட்டும் அளவுக்கு நம்பகமானது. நடந்த ஆண்டுகளைத் தெரிந்துகொள்ளக் கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பாருங்கள். ஒரே மாதத்துப் படங்களோடு ஒப்பிட வேண்டும். ஆவணிக் கரையையும் தைக் கரையையும் ஒப்பிட்டால் எந்தக் கரையும் அழிந்ததாகவே தெரியும்.

ஆவணி அளவு ஆண்டுக்கு ஆண்டு ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பி வந்தால், பச்சைக் கோடு மெல்லக் கிழக்கே நகர்ந்தால், மாமியார் சொன்னதே சரி. புயலே வராத ஆண்டிலும் ஆவணி அளவு குறைந்துகொண்டே போனால், பனை வேர்கள் வெளியே தெரிந்து மூடாமலே நின்றால், தெற்கேயிருந்து வர வேண்டிய மணல் வரவில்லை என்று அர்த்தம். அத்துடன் உங்களுக்குத் தெற்கே கடைசியாகக் கல்லோ தூண்டில் வளைவோ (கடலுக்குள் நீட்டிய கல் தடுப்பு) எங்கே முடிகிறது, ஆண்டுதோறும் அது எவ்வளவு கிட்டே வருகிறது என்றும் குறித்து வையுங்கள். பிள்ளைகளின் பயத்துக்கு அடிப்படை இருக்கிறதா என்பதை அந்த ஒரு தகவலே பாதி சொல்லிவிடும். கடல் மட்டமும் ஆண்டுக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டிருக்கிறது. நீண்ட காலத்தில் அது எல்லாக் கரையையும் உள்ளே தள்ளும். ஆனால் பத்து ஆண்டுக் கணக்கில் உங்கள் ஊரின் தலைவிதியைத் தீர்மானிப்பது மணல் வரவுதான்.

அளந்துகொண்டிருக்கும்போதே மேட்டுக்கு உதவலாம். அந்த இருபதாயிரத்தில் சின்னப் பங்கு போதும். மேட்டின் கடற்பக்க அடிவாரத்துக்குச் சற்று முன்னால், பனை மட்டையும் ஓலையும் வைத்து இடுப்பளவு உயரத்தில் வேலி போடுங்கள். நெருக்கமாக அடைக்கக் கூடாது. காற்று பாதி புகுந்து போக வேண்டும், அப்போதுதான் மணலை விட்டுவிட்டுப் போகும். ஒரே நீள வேலியாக இல்லாமல் இடைவெளி விட்டுத் துண்டு துண்டாகப் போடுங்கள். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். அவற்றுக்கு வழி வேண்டும். மழைக்கு முன்னால் அடும்புக் கொடியை வெட்டி நட்டால் தானே படரும். சவுக்கை முன்வரிசையில் நடாதீர்கள். வேர் ஆழமாகப் போகாததால் கரை வெட்டுப்படும்போது மரத்தோடு மணலையும் பெயர்த்துக்கொண்டு விழும், அதன் சருகு மூடிய இடத்தில் அடும்பும் வளராது. சவுக்கு மேட்டுக்குப் பின்னால் இருக்கட்டும். மேட்டைக் கடந்து கரைக்குப் போக ஊருக்கு ஒரே பாதை போதும், அதுவும் நேராக இல்லாமல் சாய்வாக. நேர் பாதையில்தான் புயலன்று தண்ணீர் உள்ளே பாயும்.

அளவுகள் இரண்டாம் வகை என்று காட்டினால் என்ன செய்வது? அப்போது தனி ஊராகப் போராடிப் பயனில்லை. தெற்கிலும் வடக்கிலும் இருக்கும் ஊர்ப் பஞ்சாயத்துகளோடு சேர்ந்து மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள். மனுவில் "எங்களுக்குக் கல் போடுங்கள்" என்று எழுதாதீர்கள். "எங்களுக்கு வர வேண்டிய மணலைக் கொடுங்கள்" என்று எழுதுங்கள். துறைமுக வாயில் தூர்வாரும் மணலைக் கரையின் வடபகுதியில் போடுவது நடக்கக்கூடிய காரியம். 2018இல் புதுச்சேரிக் கடற்கரையின் வடபக்கத்தில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தண்ணீருக்கடியில் ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றை அமைத்தது. கல் மட்டுமே இருந்த காந்தி சிலைப் பக்கம் மறுபடியும் மணல் சேர்ந்து மக்கள் இறங்கி நடக்கிறார்கள். அலையைக் கடலுக்குள்ளேயே தளர்த்தி மணலுக்கு இடம் கொடுத்தால் கரை திரும்பும் என்பதற்கு உங்கள் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. ஆனால் அங்கேயும் அதன் வடக்கே என்ன ஆகிறது என்ற கேள்வியை உங்கள் மனு விடாமல் கேட்க வேண்டும். தமிழகக் கரையில் 40 சதவீதத்துக்கு மேல் 1990க்கும் 2018க்கும் இடையே அரிப்புக்கு உள்ளானதாகத் தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு சொல்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியாகச் சுவர் கட்டித் தீர்க்கிற அளவில் இது இல்லை.

கடைசியாக அந்த அறை. கட்டுவதானால் மேற்குப் பக்கம் கட்டச் சொல்லுங்கள். கிழக்கே கடைக்கால் தோண்டினால் அந்த மணலை எங்காவது கொட்ட வேண்டும், மேடு இன்னும் ஒடுங்கும், அடுத்த பெரிய புயலில் முதலில் போவது புது அறையாகவே இருக்கும். இன்னொன்றையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். கடலுக்கு இவ்வளவு கிட்டே உங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கிறது என்றால், மழைநீரைப் பிடித்து வைத்து உப்புநீரைத் தள்ளி நிறுத்துவது அந்த மணல்மேடுதான். மேடு ஒடுங்கினால் கிணறு உப்பாகும். ஃபெங்கலுக்குப் பிறகு தண்ணீரின் ருசி மாறியிருக்கிறதா என்று மாமியாரிடம் கேட்டு, முதல் தை அளவுகளோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள்.